மூன்று காம்புப் பால்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து ஒரே காற்று. கொடியில் போட்ட பாப்பாவின் இரண்டு ஜட்டியும் தென்னந்தோப்புக்குள் பறந்துவிட்டன. ஒன்று கிடைத்தது. மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்து கேரள எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் போய்விட்டது. ஆண்டுதோறும் இதே கதை.

செய்ய வேண்டியது:
கேஸ் புக் பண்ண.
பாப்பாவுக்கு நகம் வெட்ட (தூங்கும்போது).
அரசு வேலைக்குப் பிஎஸ்சி தேர்வு விண்ணப்பம், கடைசித் தேதி பார்க்க.
செந்திலின் கம்பெனிச் சட்டைக்குப் பொத்தான். இந்த வாரம் என் வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட், கஞ்சிக்கோட்டில்.

ஒன்றும் செய்யவில்லை. நகம் மட்டும் வெட்டினேன், இடது கை.

அத்தை பால் கறந்துவிட்டு வந்தபோதே முகம் சரியில்லை. எங்கள் மாடு செவலை உதைத்துவிட்டதாம். ஏழு மாதமாகக் கறக்கிறது, ஒரு நாள் காலைத் தூக்கியதில்லை. பின்பக்கம், வலது காம்பு. போய்த் தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி. பாப்பாவுக்குக் காய்ச்சல் அடிக்கும்போது நெற்றி சுடுமே, அதைவிடச் சூடு.

அத்தை அந்தக் காம்பைப் பீச்சிக் காட்டினாங்க. மோர்த்தண்ணி மாதிரி ஒன்று. அதில் திரி திரியாக மஞ்சள். கடைசிச் சொட்டுகளில் இளஞ்சிவப்பு. மாடு திரும்பி என்னையே பார்த்தது. எனக்குப் பால் கட்டிக்கொண்ட நாள் ஞாபகம் வந்தது, பாப்பா பிறந்து இரண்டாம் மாதம். ஜாக்கெட் பட்டாலே உயிர் போகும். அன்றைக்கு வெந்நீர்த் துணி வைத்து அழுத்தி எடுத்தது இதே அத்தைதான். அப்போதும் அதே மாதிரிதான் பீச்சினாங்க, தரையைப் பார்த்துக்கொண்டு.

மாலை. சமையலறைக்குள் போனால் அத்தை டீ வடிகட்டியில் பாலை வடிகட்டிக்கொண்டு நிற்கிறாங்க. அந்தப் பாலை. வலையில் சளி மாதிரி தங்கி நிற்கிறது.

"என்னங்க அத்தை இது!"

"கட்டி வடிகட்டில நின்னுபோச்சுன்னா பால் சொசைட்டில தெரியாது அம்மிணி. மத்த பாலோட ஒட்டுக்கா ஊத்திட்டா யாருக்குத் தெரியும்?"

வடிகட்டியைக் கழுவி ஆணியில் மாட்டியாச்சு. நான் எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டேன். அத்தை எடுத்து, மறுபடி கழுவி, மறுபடி மாட்டினாங்க. நான் கொண்டுபோய்ச் சாணிக்குழியில் போட்டேன்.




ஜூன் 10, செவ்வாய்

மாட்டு டாக்டரம்மா வந்தாங்க. ஸ்கூட்டர், ரப்பர் பூட்ஸ், பாதி மலையாளம் பாதி தமிழ். மாட்டுச் சாளைக்குள் கால் வைத்ததுமே மூக்கைச் சுளித்தாங்க. எனக்கு வெட்கமாகிவிட்டது. மூத்திரம் தேங்கி நிற்கிறது, அதில்தான் செவலை மடியை வைத்துப் படுக்கிறது. தினமும் பார்க்கிறேன். இன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

"எந்தா இது, குளமா? இதுல படுத்தா அகிடு வீங்காம என்ன செய்யும்?"

அப்புறம் அத்தையைக் கறந்து காட்டச் சொன்னாங்க. அத்தை பாலில் விரலை முக்கிக்கொண்டு, கட்டை விரலை மடக்கி இழுத்தாங்க.

"அதாணு காரியம்! கட்டை விரலை மடக்கண்டா. விரலைப் பாலில முக்கண்டா."

"அப்பிடித்தானுங் கறக்கறது. முக்காட்டி வழுக்காதுங்களே."

"உங்க கையில உள்ள அழுக்கு முழுவன் காம்புக்குள்ள போகும்."

அத்தை கையைப் புடவையில் துடைத்தாங்க.

மடிநோய். கழுத்தில் ஊசி, மூன்று நாள். காம்பைக் காலியாகப் பீச்சி, நுனியைப் பஞ்சால் துடைத்து, ஒரு டியூப் மருந்தைக் காம்பின் ஓட்டைக்குள்ளேயே ஏற்றணும், அதுவும் மூன்று நாள். ஏற்றினதும் அரை மணி நேரம் படுக்க விடக்கூடாது, சோளத்தட்டுப் போட்டு நிற்க வைக்கணும். டியூப்பின் மூக்கு உள்ளே போகும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. செவலை நடுங்கியது. அத்தை அதன் காதில் என்னமோ சொல்லிக்கொண்டே நின்றாங்க.

கிளம்பும்போது டாக்டரம்மா: "மூணு நாள் மருந்து. அது கழிஞ்சு நாலு நாள். ஆகெ ஏழு நாள் பால் வேண்டா. சொசைட்டிக்கும் வேண்டா, வீட்டுக்கும் வேண்டா. முழுவன் கொட்டிக் களையணும், கேட்டோ?"

ஸ்கூட்டர் சத்தம் மறைகிறவரை அத்தை வாசலிலேயே நின்றாங்க. அப்புறம்:

"ஏழு நாளைக்குக் கொட்டறதா? நாலு காம்பையுமா? கெரகம்! நோவு ஒரு காம்புல. மூணு காம்பு என்ன பாவம் பண்ணுச்சு?"

அத்தை சொன்னதற்காக இல்லை. நானே போனில் தேடிப் பார்த்தேன். படத்தோடு ஒரு வீடியோ. மடிக்குள் நாலு காம்புக்கும் நாலு தனி அறை, நடுவில் சுவர், ஒன்றின் பால் இன்னொன்றுக்குப் போகாது. அத்தைக்கும் காட்டினேன். "பாத்தீங்களா, டியூப் மருந்து அந்த அறையிலயே நிக்குமுங். அந்தக் காம்பை மட்டும் கொட்டிடலாம். மத்த மூணும் ஊத்தலாம்."

அத்தைக்குப் பரம சந்தோஷம். "அதான் படிச்ச புள்ள வேணுங்கறது" என்று செந்திலுக்குப் போன் போட்டுச் சொன்னாங்க. எனக்கும் பெருமைதான். முழுசாக ஊற்ற இருந்ததைத் தடுத்துவிட்டேனே.

பாப்பாவுக்குக் கவலை இல்லை. இந்த வீட்டில் குழந்தை இருந்தால் ஒரு காம்பை அதற்கென்று ஒதுக்கிவிடுவாங்க. குழந்தைக் காம்பு. சின்னத் தூக்குப்போசியில் அதைத்தான் முதலில் கறப்பது, அப்புறம்தான் சொசைட்டிக் கேன். செந்திலும் இப்படித்தான் வளர்ந்தாராம். பாப்பாவுடையது இடது முன்காம்பு. நோவுக் காம்புக்கு எதிர்மூலை.


ஜூன் 11, புதன்

காற்று நிற்கவே இல்லை. கண்ணெல்லாம் மண்.

இன்று பார்த்த அருவருப்புகள்:

1. கொட்டின பால். தென்னை மரத்தடியில் ஊற்றினோம். மதியம் வெயிலில் அது புளித்து, தோல் கட்டி, மேலே பச்சை ஈ.
2. அதை நக்கிய நாய். அரை மணியில் வாசலில் வாந்தி. கழுவியது நான்.
3. செவலையின் காம்பு நுனியில் காய்ந்த மருந்து, மூக்குச்சளி நிறம்.
4. அத்தை அந்தக் காம்புப் பாலைக் கன்றுக்கு வைத்தது. "அதோட அம்மா பாலுதானே." பிடுங்கிக் கொட்டினேன். கன்று என் கையை நக்கியது. அந்த எச்சில் வாசம் மூன்று சோப்புக்கும் போகவில்லை.
5. ஃபிரிட்ஜ்.

ஃபிரிட்ஜ் பற்றித் தனியாக எழுதணும். நாளைக்குப் போட வேண்டிய டியூப்பை அத்தை கதவுத் தட்டில் வைத்திருக்காங்க. பாப்பாவின் காய்ச்சல் சிரப்புக்குப் பக்கத்தில், ஒட்டிக்கொண்டு. மாட்டுக் காம்புக்குள் போகிற டியூப். முட்டைத் தட்டுக்கு மாற்றினேன். அப்புறம் முட்டைக்கும் பாவமாக இருந்தது. பிளாஸ்டிக் பையில் கட்டிக் கீழே காய்கறிக்குப் பின்னால்.

மருந்து என்றாலே எனக்குப் பயம். பாப்பாவுக்கு ஒரு வயதில் தொண்டைப்புண்ணுக்கு ஒரு ஊசி. அரை மணி நேரத்தில் கண் இரண்டும் மூடிக்கொண்டது, உதடு தடித்தது. பென்சிலின் ஆகாது என்று தடுப்பூசிப் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதித் தந்தாங்க. அன்றிலிருந்து சளிக்கு மருந்து வாங்கினாலும் புத்தகத்தை நீட்டிவிட்டுத்தான் வாங்குகிறேன். மெடிக்கல் ஷாப்காரர் என்னைக் கண்டாலே, "புத்தகம் வந்தாச்சு" என்கிறார். சிரிக்கட்டும்.

மாலையில் பக்கத்து வீட்டு வசந்தியக்கா பாட்டிலோடு வந்தாங்க, கிஷோருக்கு அரை லிட்டர். தினமும் நம் வீட்டுப் பால்தான் அந்தக் குழந்தைக்கு. ஒரு வயசுகூட ஆகவில்லை. "மாட்டுக்கு நோவாமே அம்மிணி?"

"ஒரு காம்புலதானுங்க்கா. அதைக் கொட்டிடறோம். மத்தது நல்ல பாலு."

"நீ படிச்ச புள்ள. நீ சொன்னா செரி."

பாட்டிலை நானே நிரப்பிக் கொடுத்தேன்.


ஜூன் 12, வியாழன்

கடைசி ஊசி, கடைசி டியூப். மடி வீக்கம் வற்றிவிட்டது. வலது பின்காம்பிலும் வெள்ளையாகவே வருகிறது. இன்னும் நாலு நாள் அதைக் கொட்டணும் என்று சொன்னேன். அத்தை உம்மென்று கேட்டுக்கொண்டாங்க.

பாப்பா காலையிலிருந்து வயிற்றைச் சொறிகிறாள். சின்னச் சின்னதாகச் சிவப்பு. என்னவாக இருக்கும்:

கொசு (வலையில் ஓட்டை, பார்த்தேன், இல்லை).
புதுச் சோப்பு.
தோப்பில் கம்பளிப்பூச்சி. ஜட்டி அங்கேதானே விழுந்தது!
செந்தில் வாங்கிவந்த ஆரஞ்சு பிஸ்கட்.
சாளைக்குள் வந்தாளா? நான் பார்க்காதபோது?

ஜட்டியை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தேன். பிஸ்கட்டைக் கன்றுக்குப் போட்டேன். சோப்பை மாற்றினேன். தலைமுதல் கால்வரை தேங்காயெண்ணெய்.

மதியம் சோறு தொடவில்லை. "பாலு, பாலு" என்று ஒரே அழுகை. வயிறு காயக்கூடாதே என்று ஒரு டம்ளர் அதிகமாகக் கொடுத்தேன். மூன்று கொதி விட்டு, ஆற்றி.

இதை எழுதும்போது தூக்கத்திலும் சொறிகிறாள். வலது கை நகம் வெட்டவே இல்லை. காலையில் முதல் வேலை.


ஜூன் 13, வெள்ளி

எங்கிருந்து எழுத?

விடியற்காலையில் பாப்பாவின் மேலுதடு பாதி முகத்துக்கு இருந்தது. கழுத்து, காது, முதுகு எல்லாம் பட்டை பட்டையாகத் தடிப்பு. நான் கத்தினேன் போல. அத்தை கறந்துகொண்டிருந்த கையோடு ஓடி வந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ரோட்டுக்கே ஓடிட்டாங்க. ஆட்டோவை அவங்கதான் மறித்தது. நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்னால். ஆட்டோவில் முழுக்க அத்தை கையிலிருந்து பால் வாசம். எனக்குக் குமட்டிக்கொண்டே வந்தது. ஏன் என்று அப்போது தெரியாது.

தாலுக்கா ஆஸ்பத்திரி. சின்ன வயது டாக்டர். புத்தகத்தைப் பார்த்தார். ஊசி போட்டார் (என்ன ஊசி என்று இரண்டு முறை கேட்டேன், சொன்னார்). அப்புறம் கேள்வி.

புது மருந்து ஏதாவது? இல்லைங்க. புது உணவு? பிஸ்கட். பால் எங்கிருந்து? வீட்டு மாடுங்க.

"மாட்டுக்கு ஏதாவது மருந்து கொடுத்தீங்களா, இந்த வாரம்?"

அத்தை என் பக்கத்தில். என்னைப் பார்க்கவில்லை. அறையில் இன்னும் மூன்று பேர், அதில் ஒரு அம்மா நம் ஊர்.

"இல்லீங்க" என்றேன்.

இந்த வரியை அடிக்கக் கூடாது. அப்படியே இருக்கட்டும். என் குழந்தைக்கு மூச்சு இரைக்கிறது, டாக்டர் கேட்கிறார், நான் "இல்லீங்க" என்றேன். வாய் அதுவாகச் சொன்னது. சாளை, வடிகட்டி, ஈ, மூத்திரக் குளம், எல்லாம் அந்த அறைக்குள் வந்துவிடும் என்று நினைத்தேனோ என்னமோ.

வராந்தாவரை போனேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். பாப்பா என் தோளில் சொறிந்தாள், அவள் முதுகு என்று நினைத்துக்கொண்டு. எழுந்து திரும்பிப் போனேன். கதவைத் தட்டவில்லை.

"போட்டிருக்குதுங்க. மூணு நாளா. கழுத்துல ஊசி, காம்புல டியூப்பு. ஆனா அந்தக் காம்புப் பால் குடுக்கலீங்க. வேற காம்பு."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மெதுவாகச் சொன்னார். கழுத்தில் போட்ட ஊசி ரத்தத்தில் கலக்கும். பால் ரத்தத்திலிருந்து வருவது. நாலு காம்புக்கும் போவது ஒரே ரத்தம். சுவர் எல்லாம் பாலுக்குத்தான், மருந்துக்கு இல்லை.

"காய்ச்சினா போகாதுங்களா?"

"கிருமி சாகும். மருந்து போகாது."

"மூணு கொதி..."

"போகாது."

மதியம்வரை வைத்துப் பார்த்தாங்க. தடிப்பு இறங்கியது. உதடு இன்னும் லேசாக. இன்னும் கொஞ்சம் கூடியிருந்தால் என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் குப்பையைக் கிளறினேன். காலி டியூப் மூன்று. ஊசி மருந்துக் குப்பியும் கிடந்தது. பொடி எழுத்து. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அதேதான், பென்சிலின். இரண்டிலும். புதன்கிழமை டியூப்பை ஃபிரிட்ஜில் இடம் மாற்றி மாற்றி வைத்தேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை பார்த்திருக்கலாம். மாட்டு மருந்துதானே என்று கை தொடவே கூசியது.

நான் படித்தது பிஎஸ்ஸி கணக்கு. பர்ஸ்ட் கிளாஸ்.


ஜூன் 14, சனி

பாப்பா பரவாயில்லை. கஞ்சி குடித்தாள். பாக்கெட் பால் வாங்கி வைத்தோம், குடிக்க மாட்டேன் என்கிறாள், ருசி வேறாம்.

அத்தை நேற்று அழுதாங்க. சின்னத் தூக்குப்போசியைச் சாம்பல் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்து, அப்புறம் அதைத் தூக்கிக் கூரைமேல் எறிந்தாங்க. "என்ற கையால கறந்து குடுத்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாங்க. எனக்கும் மனசு இளகிவிட்டது.

இன்று காலை ஐந்தரைக்குச் சாளைக்குப் போனால் கேனைக் காணோம். அத்தை சொசைட்டிக்குப் போயிருக்காங்க.

வந்ததும் கேட்டேன்.

"என்னங்க அத்தை, இன்னும் மூணு நாள் கொட்டோணுமல்லங்க?"

"பாப்பாவுக்குக் குடுக்கலையே. பாக்கெட்டு வாங்கியாச்சு."

"மத்தவங்க குடிக்கறாங்களேங்."

"நம்ம கொழந்தைக்குத்தான் அது ஆகாது. ஊருக்கெல்லாமா ஆகாமப் போகுது? ஒரு கேனு பாலு அம்மாம்பெரிய டேங்க்ல. என்ன தெரியும்? ஏழு நாள் ஊத்தாம நின்னா, 'டைரக்டரம்மா ஊட்டு மாட்டுக்கே நோவு'ன்னு பேசுவாங்க. அப்பறம் நான் போயி யாருக்கு என்ன சொல்றது?"

அத்தை சொசைட்டியில் டைரக்டர், மகளிர் இடத்தில். மாசம் ஒரு முறை கூட்டத்துக்குப் பட்டுச்சேலை கட்டிப் போவாங்க. சுத்தமான பால் உற்பத்தி பற்றி வகுப்பு நடந்தபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த போட்டோ ஹாலில் மாட்டியிருக்கிறது.

செந்தில் ஷிப்ட் முடிந்து வந்தார். அவரிடம் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே, "விடு சுகு. மூணு நாள்தானே. பாப்பா நல்லாயிட்டால்ல" என்றார். அந்த டீயும் அந்தப் பால்தான். போட்டது நான்தான். அவருக்கு ஒன்றும் ஆகாது என்று போட்டேனா, ஏதாவது ஆனாலும் ஆகட்டும் என்று போட்டேனா.

மாலை வசந்தியக்கா குரல் வாசலில் கேட்டது. நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். குழாயைத் திறந்துவிட்டேன். அப்படியும் பால் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அத்தை, "கிஷோரு என்ன பண்றான், தங்கம்?" என்று கேட்கிறதும் கேட்டது.

பக்கெட் நிறைந்து வழிகிறவரை உள்ளேயே நின்றேன்.

நான் வெளியே வராததால் அந்தக் குழந்தை இன்று ராத்திரி அதைக் குடித்திருக்கும். அத்தை ஊற்றினாங்க என்று எழுதினால் பாதிதான் உண்மை.


ஜூன் 15, ஞாயிறு

கேஸ் வந்தது. பாப்பா உதடு சரியாகிவிட்டது.

காலையில் வசந்தியக்கா வீட்டுக்குப் போனேன். அவங்க பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாங்க. கிஷோர் தரையில், வெறும் உடம்போடு, ஒரு கரண்டியைத் தட்டிக்கொண்டு. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி, டியூப், ஏழு நாள், டாக்டரம்மா சொன்னது, நான் மூன்று காம்பு என்று கண்டுபிடித்தது, பாப்பா, ஆஸ்பத்திரி. நேற்று பாத்ரூமில் இருந்தது வரை.

அக்கா கை அப்படியே நின்றுவிட்டது. சாம்பலோடு.

"ரெண்டு நாளா இவனுக்கு வயித்தால போவுது. பல்லு மொளைக்குதுன்னுட்டு இருந்தேன்."

"ஆஸ்பத்திரில காட்டுங்க்கா. நானும் கூட வர்றேன்."

"நீ வர வேண்டாம்."

குழந்தையைத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்த்தாங்க. சட்டையை மாட்டினாங்க. அப்புறம் சத்தம் போடாமல், அதுதான் தாங்க முடியலை:

"உன்ற அத்தை சொல்லியிருந்தா நான் ஒரு வாட்டி மோந்து பாத்திருப்பேன் அம்மிணி. நீ சொன்னேன்னு மோந்துகூடப் பாக்கல."

தரையில் கிடந்த கரண்டியை எடுத்து மேடைமேல் வைத்தேன்.

"செரி போ. இனி சொசைட்டிலயே வாங்கிக்கறேன். அங்க மெஷினு வெச்சுப் பாக்கறாங்கல்ல."

மெஷின் கொழுப்பைப் பார்க்கும், தண்ணியைப் பார்க்கும். மருந்தைப் பார்க்காது. சொல்ல வாய் திறந்தேன். அவங்க கதவை ஒருக்களித்துவிட்டு உள்ளே போயிட்டாங்க.

கிஷோரை மதியம் ஆஸ்பத்திரியில் காட்டியிருக்காங்க, பவுடர் கரைசல் கொடுத்தாங்களாம். செந்தில் போய் விசாரித்துவிட்டு வந்தார். அவர் முகமும் இன்று சரியில்லை. டீ வேண்டாம் என்றார்.


ஜூன் 16, திங்கள்

இன்றோடு ஏழு நாள். இன்று மாலைவரை கொட்டணும், நாளையிலிருந்து எடுக்கலாம்.

காலை ஐந்தேகாலுக்கு அத்தைக்கு முன்னால் சொசைட்டிக்குப் போனேன். வெறுங்கையோடு. வரிசையில் பதினைந்து, இருபது பேர், கேன், தூக்குப்போசி, ஒருவர் பெயிண்ட் வாளியில். காற்றில் யாருக்கும் முடி நிற்கவில்லை. கழுவிவிட்ட சிமெண்ட், புளித்த பால், சாணிக்கால், பீடி. எல்லாம் சேர்ந்து ஒரு வாடை. முன்பெல்லாம் தெரிந்ததில்லை.

செக்ரெட்டரியிடம் போய், "எங்க மாட்டுக்கு மருந்து போட்டிருக்குதுங்க. இன்னிக்கு எங்க பாலை எடுக்காதீங்க. போன ஆறு நாளும் எடுத்திருக்கக் கூடாது" என்றேன்.

அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் குரலைத் தாழ்த்தினார். "பைய சம்சாரிக்கணும், மோளே."

"சத்தமாத்தானுங் சொல்றேன்."

வரிசையில் ஒருத்தர், பெயிண்ட் வாளிக்காரர்: "டைரக்டரம்மா மருமக நமக்கு வகுப்பெடுக்க வந்திருக்குது டோய்!"

சிரிப்பு.

"ஊசி போடாத மாடு எவன் ஊட்டுல நிக்குது? கையத் தூக்கச் சொல்லு பாக்கலாம்."

"ஏய் ஆறுமுகம், உன்ற கருப்பிக்கு முந்தாநேத்துத்தானே டாக்டரு வந்துட்டுப் போனாரு?"

"அது வெசக்கடிக்குடா."

மறுபடி சிரிப்பு. அந்த ஆறுமுகம் கையில் கேன் இருந்தது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டார். வரிசை ஓர் அடி நகர்ந்தது. அவரும் ஓர் அடி நகர்ந்தார். முறை வந்ததும் ஊற்றினார். மெஷின் ஓர் எண் காட்டியது. செக்ரெட்டரி அதை எழுதினார்.

ஒரே ஒருத்தராவது வரிசையை விட்டு விலகுவாங்க என்று நினைத்தேன். யாருமே விலகலை.

அப்போது அத்தை வந்தாங்க, கேனோடு. என்னைப் பார்த்தாங்க. எல்லாரும் அவங்களைப் பார்த்தாங்க. சொல்லிவிட்டேன் என்பது அவங்களுக்குப் புரிந்துவிட்டது. முகம் கறுத்தது. ஓடைப் பக்கம் போய், கேன் மூடியைத் திறந்து, அப்படியே கவிழ்த்தாங்க.

"இந்தா. போதுமா? குளுந்துச்சா?"

வெள்ளையாக ஓடி, சாணித் தண்ணியில் போய்ச் சேர்ந்து, சாம்பல் நிறமானது. நாய் ஒன்று வந்து மோந்தது. அத்தை கேனை என் காலடியில் வைத்துவிட்டு நடந்தே போயிட்டாங்க. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டே போனாங்க.

நான் கேனை எடுக்கலை. கொள்முதல் முடிந்து சில்லறை விற்பனை ஆரம்பிக்கிறவரை அங்கேயே நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியும். வசந்தியக்கா வருவாங்க.

வந்தாங்க. இடுப்பில் கிஷோர், கையில் பாட்டில். கழுவிக் கழுவிப் பளபளவென்று இருந்தது. என்னைப் பார்க்காமல் போயிடுவாங்க என்று நினைத்தேன். நின்றாங்க.

"உங்க பாலு இதுல இல்லையே?"

"இன்னிக்கு இல்லீங்க்கா. கொட்டியாச்சு."

"அப்ப இது நல்ல பாலுதானே?"

செக்ரெட்டரி அளவுக்குவளையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். ஆறுமுகம் சைக்கிளைத் தள்ளப் போனவர் நின்றார்.

"இல்லீங்க்கா" என்றேன். "வாங்காதீங்க. இதுலயும் மருந்து இருக்குது."

அக்கா பாட்டிலைப் பார்த்தாங்க. டேங்க்கைப் பார்த்தாங்க. கிஷோர் பாட்டிலைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடினான்.

"அப்ப எதைக் குடுக்கட்டும்? நீயே சொல்லு."

கஞ்சி என்று சொல்ல வந்தேன். பாக்கெட் என்று சொல்ல வந்தேன், அதுவும் இந்த மாதிரி ஏதோ ஒரு டேங்க்கிலிருந்துதானே வருகிறது. வாய் திறந்தபடியே நின்றேன், கிஷோர் மாதிரி.

அக்கா கிஷோரை இடுப்பில் ஏற்றிப் பிடித்தாங்க. அப்புறம் பாட்டிலை செக்ரெட்டரி பக்கம் நீட்டினாங்க.

"அரை லிட்டரு."

அவர் ஊற்றினார். நுரை அடங்குகிறவரை காத்திருந்து, குறைந்த இடத்துக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.